கூனி தின்னும் திமிங்கிலம்: இலங்கைக் கடலின் சாப்பாட்டு வரைபடம்

ஓரா மீனின் வயிற்றைக் கிழித்தால் கடும்பச்சையான ஒரு கூழ் வழியும். மெல்லிய குடல், சுருட்டி வைத்த கயிறு போலக் கிடக்கும். அதே அரிவாளில் அடுத்து அறக்குளாவை வெட்டிப் பாருங்கள். குடல் குட்டை, இரைப்பைக்குள் பாதி கரைந்த சூடையோ நெத்தலியோ வெள்ளியாய் மினுங்கும். யாழ்ப்பாணத்துச் சந்தைகளில் மீன் வெட்டுகிறவர்கள் தினமும் காணும் காட்சி இது. ஓரா புல்லும் பாசியும் மேய்கிற மீன். அறக்குளா துரத்திப் பிடிக்கிற மீன். நிலத்தில் மாட்டுக்கும் நரிக்கும் உள்ள வேறுபாடு, கடலில் இந்த இரண்டின் குடலிலும் அப்படியே இருக்கிறது.

ஓரா எங்கே பிடிபடும் என்று மீனவரைக் கேட்டால் புல் உள்ள கரையோரத்தைக் காட்டுவார். அறக்குளாவுக்கு வெளிக்கடலைக் காட்டுவார். எந்த உயிர் எங்கே வாழும் என்பதைப் பெரும்பாலும் அதன் வாய்தான் தீர்மானிக்கிறது. இலங்கையைச் சுற்றியுள்ள கடலுக்கு இந்த விதி மிக நன்றாகப் பொருந்தும். இந்தத் தீவின் பொருளாதாரக் கடல் வலயம் 517,000 சதுர கிலோமீற்றர், நிலப்பரப்பைப்போல் ஏறத்தாழ எட்டு மடங்கு. அதன் வடக்கில் நின்றால் ஆள் முங்காத தண்ணீரிலும் நெடுந்தூரம் நடக்கலாம். திருகோணமலையில் கரையை விட்டுச் சில கிலோமீற்றர் போனாலே கீழே பாதாளம். ஒரே நாட்டின் கடலில் ஆவுளியா என்ற கடற்பசுவும் நீலத் திமிங்கிலமும் இருப்பதற்குக் காரணம் இந்த ஆழ வேறுபாடும், அது உண்டாக்கும் உணவு வேறுபாடும்தான்.

வடக்கின் புல்வெளி

பாக்கு நீரிணையை அடுத்த கடல் பெரும்பாலும் 15 மீற்றருக்கும் ஆழம் குறைந்தது. சூரிய ஒளி அடித்தரை வரை இறங்குகிறது. ஒளி இறங்கும் இடத்தில் தாவரம் வேர்விடும். மன்னார், யாழ்ப்பாணக் கடல்நீரேரி, தீவுப்பகுதி, தெற்கே கற்பிட்டி வரை கடலடியில் புல்வெளிகள் விரிந்திருப்பது இதனால்தான். கரையில் ஒதுங்கும் இந்தப் புல்லையும் பாசியையும் யாழ்ப்பாணத்தார் சாதாளை என்பார்கள். வயலுக்கு உரமாக அள்ளிப் போட்ட காலமும் உண்டு. கடற்புல் பாசி இல்லை. அதற்கு வேர் உண்டு, தண்டு உண்டு, தண்ணீருக்குள்ளேயே பூக்கும், காய்க்கும். நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பிப் போன தாவரம் அது.

அதை மேய்வதற்கென்றே கடலுக்குத் திரும்பிய விலங்கு ஆவுளியா. கடற்பசு என்கிறோம். வடக்கில் கடற்பன்றி என்றும் சொல்வார்கள். சிங்களத்திலும் 'முஹுது ஊரா', கடல் பன்றிதான். உயிரியல்படி பசுவும் உறவில்லை, பன்றியும் உறவில்லை. உயிரோடு இருக்கும் விலங்குகளில் அதற்கு நெருங்கிய சொந்தங்களில் ஒன்று யானை. யானைக்குப் பேர்போன ஒரு தீவின் கடலில் அதன் உறவினர் ஒருவர் யார் கண்ணிலும் படாமல் புல் மேய்ந்துகொண்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மூன்று மீற்றர் நீளம், நானூறு கிலோ அளவு எடை. இத்தனை பெரிய உடல் முழுவதும் புல்லால் ஆனது. நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை தின்னும். முகவாய் கீழ்நோக்கி மடிந்து, தடித்த உதடும் முள்மயிரும் கொண்டது. அந்த உதட்டால் அடித்தரையை உழுதுகொண்டு போய்ப் புல்லை வேரோடு பிடுங்கும். அது போன தடம் மணலில் ஒரு கோடாக நிற்கும். ஆவுளியாவைத் தேடுகிற ஆய்வாளர்கள் விலங்கைக் காண்பதைவிட இந்த மேய்ச்சல் கோடுகளைக் காண்பதே அதிகம்.

வேரோடு பிடுங்கினால் புல்வெளி அழியாதா? அழிவதில்லை. ஆவுளியா விரும்பித் தின்பது நீண்ட நாரான புற்களை அல்ல. சின்ன இலையுள்ள, மென்மையான, விரைவாகப் பரவுகிற வகைகளை. மேய்ந்த கோட்டில் முதலில் முளைப்பவையும் அவையே. அதாவது தன் மேய்ச்சலாலேயே தனக்குப் பிடித்த புல்லை அது வளர்த்துக்கொள்கிறது. நாரைச் செரிக்க அதன் பெருங்குடல் 25 மீற்றருக்கும் மேல் நீள்கிறது. மாட்டைப்போல அசைபோடாமல், குதிரையைப்போலப் பின்குடலில் புளிக்க வைத்துச் சத்தை எடுக்கிறது. இப்படி மெதுவாகச் சேரும் சத்தில் வாழ்வதால் இனப்பெருக்கமும் மெதுவானது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி. புல் குறைந்தால் அந்த இடைவெளி இன்னும் நீளும். ஆகவே வலையில் சிக்கி ஒரு தாய் செத்தால் அந்த இழப்பு ஒரு தலைமுறைக்கு நிற்கிறது.

அதே புல்வெளியில் பேராமையும் மேய்கிறது. இளமையில் இந்த ஆமை எதையும் தின்னும். வளர்ந்தபின் ஏறத்தாழ முழுச் சைவம். வேரைத் தொடாமல் இலையை மட்டும் நறுக்கும். ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்து, புதிதாய்த் துளிர்த்த இளம் இலையை மேயும் பழக்கமும் உண்டு. அதன் கொழுப்பு பச்சை நிறமாக இருப்பது இந்த உணவால். பிற மொழிகளில் அதற்குப் பச்சை ஆமை என்று பெயர் வந்ததும் ஓட்டின் நிறத்தால் அல்ல, கொழுப்பின் நிறத்தால்.

புல்லைத் தின்னாமல் புல்லால் வாழ்கிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். கடலட்டைக்கு மணல்தான் சாப்பாடு. வாயைச் சுற்றிய சிறு கைகளால் மணலை அள்ளி விழுங்கி, மணிகளில் படிந்திருக்கும் பாசித்துகளையும் நுண்ணுயிரையும் செரித்துக்கொண்டு, மீதி மணலைச் சுத்தமாக வெளியே தள்ளும். மண்புழு வயலில் செய்யும் வேலையை அது கடலில் செய்கிறது. வெள்ளை அட்டையின் குஞ்சு நீந்தும் பருவம் முடிந்ததும் வந்து ஒட்டுவது கடற்புல்லின் இலையில். அங்கே சில வாரம் வளர்ந்தபிறகே மணலுக்கு இறங்கும். புல் இல்லாத கடலில் அட்டைக் குஞ்சுக்குத் தொட்டில் இல்லை. பூநகரியிலும் மன்னாரிலும் அடைப்புக் கட்டி அட்டை வளர்க்கும் இந்தக் காலத்தில் இது மிக முக்கியமான செய்தி. பண்ணைக்காகப் புல்வெளியை மறித்துக் கம்பு நாட்டும்போது எதை மறிக்கிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மடவை அடிச்சேற்றை உறிஞ்சி வடிக்கிற மீன். கோழி வாங்கும்போது கல்லீரலோடு சேர்த்துத் தருகிற அந்தத் தடித்த இரைப்பையைப் போன்ற ஒன்று மடவைக்கும் உண்டு, மணலோடு சேர்த்து அரைக்க. நீலக்கால் நண்டு மட்டியும் புழுவும் செத்த மீனும் என்று அகப்பட்டதைத் தின்னும். கோயிலில் ஊதும் சங்குக்குள் வாழும் உயிரியோ தாவரத்தைத் தொடுவதே இல்லை. அது மணலுக்குள் குழாய் கட்டி வாழும் புழுக்களை வேட்டையாடுகிற ஊனுண்ணி. லட்சத்தில் ஒன்றாகக் கிடைக்கும் வலம்புரியும் சாதாரண இடம்புரியும் தின்பது ஒரே புழுவைத்தான்.

இத்தனை பந்திகளும் ஒரே தரையில் நடக்கின்றன. இழுவை மடி அந்தத் தரையைத்தான் வாருகிறது. இரும்புப் பலகையும் சங்கிலியும் கட்டிய வலை அடியோடு உரசிப் போகும்போது இறாலோடு புல்லும் வேரும் அட்டைக் குஞ்சும் மீன் முட்டையும் சேர்ந்தே வருகின்றன. வடக்கின் சிறு மீனவர்கள் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருப்பது வலை அறுபடுவதைப் பற்றி மட்டும் அல்ல. இலங்கை 2017இல் சட்டத் திருத்தம் செய்து இழுவை மடியை முழுவதுமாகத் தடைசெய்தது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து வரும் இழுவைப் படகுகள் நின்றபாடில்லை. வடக்கிலும் உள்ளூர் இழுவைப் படகுகள் இருந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பாக்கு நீரிணைப் பக்கத்தில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. நல்ல செயல். ஆனால் ஆவுளியாவுக்கு 1974இலும் 1976இலும் இரு நாடுகளும் கடலில் கீறிய எல்லைக் கோடுகள் தெரியாது. அது புல் இருக்கும் பக்கம் போகும். அந்தப் பக்கத்துப் புல்லைக் காத்து இந்தப் பக்கத்துப் புல்லை வாரினால், காப்பகம் பாதித் தட்டுத்தான்.

முத்தைத் தின்றவர்கள்

மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபங்களை, அதாவது முத்துக்குளிப்புகளைப் பற்றி வரலாறு நிறையவே பேசியிருக்கிறது. சிப்பி என்ன தின்றது, சிப்பியை யார் தின்றார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. 1902இல் பிரித்தானிய அரசு அனுப்பி வைத்த வில்லியம் ஹேர்ட்மன் என்ற விலங்கியலாளர் அதைக் கேட்டார். அவரோடு வந்தவர் ஜேம்ஸ் ஹோர்ணெல். பின்னாளில் சங்கைப் பற்றியும் ஆராய்ந்தவர்.

அரிப்புக்கு எதிரே கடலடியில் பெரிய பார், செவல் பார் என்று பெயர் கொண்ட பாறைத் திட்டுகளில் சிப்பிகள் படர்ந்திருந்தன. சிப்பி நகராது. வாயைத் திறந்து தண்ணீரை உள்ளிழுத்து, மிதக்கும் நுண்பாசியை வடித்துத் தின்னும். நகராத உயிர் பிறருக்கு எளிய இரை. கிளாத்தி மீன் பல்லால் உடைக்கும். வௌவால் போல் இறக்கை விரித்த திருக்கைகள் கூட்டமாய் வந்து அம்மிபோன்ற தட்டைப் பல்லால் ஓட்டோடு நொறுக்கிப் போகும். இளஞ்சிப்பி நிறைந்திருந்த பார் சில மாதம் கழித்துப் பார்த்தால் வெறும் பாறையாக இருப்பது உண்டு.

ஹேர்ட்மன் சிப்பிகளின் சதைக்குள் ஒரு நாடாப்புழுவின் குட்டிப் பருவத்தைக் கண்டார். அதன் வளர்ந்த பருவம் சிப்பியைத் தின்னும் திருக்கையின் குடலில் இருக்கும் என்று கணித்தார். திருக்கை சிப்பியைத் தின்கிறது, புழு திருக்கைக்குள் போகிறது, முட்டை கடலில் விழுகிறது, மறுபடி சிப்பிக்குள் நுழைகிறது. வழிதவறிச் சிப்பிக்குள்ளேயே செத்துப்போன புழுக்குட்டியைச் சுற்றிச் சிப்பி பூசி மெழுகியதே முத்து என்பது அவருடைய விளக்கம். பிறகு வந்த ஆய்வு இதை அப்படியே ஏற்கவில்லை. சிப்பியின் மேலுறைச் செல்கள் இடம் மாறி உள்ளே போவதே முத்துக்கு அடிப்படை என்றும், அதைத் தூண்டுவது புழுவாகவோ வேறு எதுவாகவோ இருக்கலாம் என்றும் இன்று சொல்கிறார்கள். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிப்பியின் பகைவன் என்று திருக்கையை ஒழித்தால் முத்தும் குறைந்துபோகக்கூடும் என்ற எண்ணத்தை அந்தக் காலத்திலேயே அது எழுப்பிவிட்டது.

மனிதர்கள் திருக்கையைவிட விரைவாகத் தின்றார்கள். 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. 1906இல் பார்கள் ஒரு கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. 1907க்குப் பிறகு பல ஆண்டுகளுக்கு எடுக்கச் சிப்பி இல்லை.

முருகைக்கல், கண்ணாடி தின்னும் ஆமை

முருகைக்கல்லைக் கல் என்றே பலர் நினைக்கிறார்கள். அது விலங்கு. இரவில் சின்னக் கைகளை விரித்து மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும். பகலில் தன் உடலுக்குள் குடிவைத்திருக்கும் நுண்பாசி ஆக்கித் தரும் சர்க்கரையில் வாழும். சாப்பாட்டில் பெரும்பங்கு இந்தப் பாசி தருவதே. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் முருகை அந்தப் பாசியைத் துப்பிவிடும், வெளுத்துப்போகும். வெளுத்தல் என்பது பட்டினி. 1998இல் ஹிக்கடுவையிலும் கற்பிட்டியின் ஆழங்குறைந்த பாறைகளிலும் அந்தப் பட்டினி பெருஞ்சாவாக முடிந்தது. செத்த முருகையின்மேல் பாசி படரும். அதைக் கிளிமீன் அலகால் சுரண்டித் தின்று, கூடவே விழுங்கிய சுண்ணாம்பை அரைத்து மணலாகக் கழிக்கும். பெரிய கிளிமீன் ஒன்று ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணலை ஆக்கும். கிளிமீன் சுரண்டிய இடத்திலேதான் புதிய முருகை வந்து ஒட்ட முடியும். ஆகவே வெளுத்த பாறையில் கிளிமீனை ஈட்டியால் குத்தி எடுப்பது, காயத்தில் மருந்து போட வந்தவரைத் துரத்துவது போன்றது.

இந்தப் பாறைகளில் திரியும் அழுங்காமை பெயருக்கேற்ற ஆமை. அழுங்கின் செதில்போல அதன் ஓட்டுத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். கூரான அலகைப் பாறை இடுக்கில் விட்டுக் கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்னும். கடற்பஞ்சின் உடலுக்குள் கண்ணாடியின் மூலப்பொருளான சிலிக்காவால் ஆன ஊசிகள் நிறைந்திருக்கும். பலவற்றில் நச்சும் உண்டு. வேறு பெரிய விலங்குகள் தொடாத அந்த உணவை அழுங்காமை தன் தனிச்சொத்தாக்கிக்கொண்டது. விலையும் உண்டு. அழுங்காமை இறைச்சி தின்று ஆட்கள் மாண்டுபோன நிகழ்வுகள் இந்தக் கரைகளுக்குப் புதிதல்ல. அது தின்ற உணவின் நஞ்சே உடலில் தங்கியிருக்கிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

உலகில் உள்ள ஏழு கடலாமை இனங்களில் ஐந்து இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. ஐந்துக்கும் ஐந்து விதச் சாப்பாடு என்று சொன்னால் பெரிதாகத் தவறாகாது. பேராமைக்குப் புல், அழுங்காமைக்குக் கடற்பஞ்சு. பெருந்தலை ஆமை தலையின் பலத்தால் சங்கையும் மட்டியையும் உடைக்கும். சித்தாமை நண்டு, இறால், சொறிமீன் என்று கலந்து தின்னும். ஐந்நூறு கிலோவைத் தாண்டக்கூடிய தோணியாமையோ ஏறத்தாழ சொறிமீனை மட்டுமே நம்பி வாழ்கிறது. சொறிமீன் பெரும்பாலும் தண்ணீர். அதனால் மலைபோலத் தின்ன வேண்டும். வழுக்கும் இரை வெளியேறாதிருக்க வாயிலிருந்து தொண்டை வழியாக உணவுக்குழாய் முழுவதும் உள்நோக்கிச் சாய்ந்த முட்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. உள்ளே போனது வெளியே வராது. மிதக்கும் பிளாஸ்டிக் பையும் அப்படித்தான்.

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அருகே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்து எரியத் தொடங்கியதையும் ஜூன் 2ஆம் திகதி அது மூழ்கத் தொடங்கியதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. மேற்குக் கரையில் பனிபோல அவை குவிந்த படங்கள் உலகமெல்லாம் போயின. அந்தக் கிழமைகளில் செத்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. மீன்களின் வாயிலும் செவுளிலும் மணிகள் இருந்தன. பருப்பளவு வெள்ளை மணி, மீன் முட்டையைத் தேடும் கண்ணுக்கு மீன் முட்டைதான். எரிந்த இரசாயனத்தைக் கடல் நீர்க்கச் செய்துவிடலாம். உணவின் உருவத்தில் வந்த குப்பையை அதனால் எதுவும் செய்ய முடியாது.

பாதாளத்தின் பந்தி

கற்பிட்டியில் காலையில் படகேறிப் போனால் சுழன்று குதிக்கும் ஓங்கில்கள் நூற்றுக்கணக்கில் தெரியும். விளையாடுகின்றன என்கிறோம். உண்மையில் அவற்றின் வேலை நேரம் இரவு. ஆழத்தில் பகலைக் கழிக்கும் சின்ன ஒளிமீன்களும் இறாலும் ஊசிக்கணவாயும் இருட்டியதும் மேலே ஏறி வரும். ஓங்கில்கள் அப்போது இறங்கிப் பிடிக்கும். உலகக் கடல்கள் எல்லாவற்றிலும் ஒவ்வொரு இரவும் நடக்கும் இந்த ஏற்றமும் இறக்கமும் பூமியில் உயிரினங்களின் மிகப் பெரிய இடப்பெயர்வு. கற்பிட்டிக்கு அப்பால் கண்டமேடை, அதாவது கரையை ஒட்டிய ஆழங்குறைந்த கடலடித் தளம், சட்டென்று முடிந்து ஆழம் தொடங்குவதால், அந்தப் பந்தி கரைக்கு அருகிலேயே நடக்கிறது.

திருகோணமலையில் இது இன்னும் பெரிய அளவில். கொட்டியாரக் குடாவுக்கு வெளியே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு 3,000 மீற்றருக்கும் ஆழமாகப் போகிறது. எண்ணெய்த் திமிங்கிலங்கள் அங்கே திரள்வதற்குக் காரணம் கணவாய். ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வரை, ஆயிரம் மீற்றர் ஆழத்துக்கும் போய், ஒளியே இல்லாத இருளில் ஒலியெழுப்பி எதிரொலியால் கணவாயைக் கண்டுபிடிக்கின்றன. 1982 முதல் 1984 வரை ஹல் வைற்ஹெட் என்பவர் தலைமையில் துலிப் என்ற பாய்மரப் படகில் வந்த குழு, தண்ணீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டே திமிங்கிலங்களின் பின்னால் போனது. திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் இருப்பதும் அந்தப் பயணத்தில்தான் உலகின் கவனத்துக்கு வந்தது.

கணவாய்க்குக் கிளியலகு போன்ற ஒரு வாய் உண்டு. அது செரிக்காது. எண்ணெய்த் திமிங்கிலம் அவற்றைப் பெரும்பாலும் கக்கிவிடும். சில குடலுக்குள் இறங்கிவிடும். அவற்றைச் சுற்றிக் குடலில் திரண்டு உருவாகும் மெழுகுப் பொருளே அம்பர். செய்திகளில் இதைத் திமிங்கில வாந்தி என்று எழுதுகிறார்கள். அது குடலில் உண்டாகி எச்சத்தின் வழியே வருவது. கோடிக்கணக்கில் விலைபேசப்பட்டு, ஆட்கள் சிறைக்குப் போகும் அந்தக் கட்டியை உடைத்தால் உள்ளே கணவாய் அலகுகள் இருக்கும். அது ஒரு திமிங்கிலத்தின் சாப்பாட்டுக் கணக்கு.

நீலத் திமிங்கிலத்தின் கதைக்கும் திறவுகோல் எச்சம்தான். உலகின் பிற நீலத் திமிங்கிலங்கள் கோடையில் குளிர்க்கடலுக்குப் போய்க் கிரில் என்ற சிறு இறாலினத்தைத் தின்று கொழுத்து, குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து அதிகம் தின்னாமல் குட்டி ஈனும். பாடநூல் அப்படித்தான் சொல்லும். வட இந்து சமுத்திரத்துத் திமிங்கிலத்துக்கு வடக்கே போக வழியில்லை; ஆசியக் கண்டம் மறித்து நிற்கிறது. அப்படியானால் ஆண்டு முழுவதும் இந்த வெப்பக் கடலில் அது எதைத் தின்கிறது? 2003இல் ஒடிசி என்ற ஆய்வுக்கப்பலில் இருந்த இலங்கைக் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் இலங்கைக்கு அருகே சில திமிங்கிலங்கள் கூடியிருந்த இடத்தில் தண்ணீரில் செந்நிற எச்சம் மிதப்பதைக் கண்டார். தின்னாத விலங்கு கழிக்காது. இங்கே அவை தின்கின்றன என்பதற்கு அந்த எச்சமே சாட்சி. பிற்பாடு தென்கரையில் சேகரித்த எச்சத்தின் மரபணுவை அவரும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். 2018இல் வெளிவந்த முடிவு பலருக்கும் வியப்பு. இரை பெரும்பாலும் கிரில் இல்லை, செர்ஜெஸ்டிட் குடும்பத்து இறால்.

அந்தக் குடும்பப் பெயர் நமக்கு அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் சந்தையில் காயவைத்துப் படியால் அளந்து விற்கும் கூனியும் அதே குடும்பம்தான். கூனிச் சம்பல் அரைத்துத் தின்கிற நாமும், 24 மீற்றர் நீளமான அந்த உயிரும் ஒரே குடும்பத்து இறாலைத் தின்கிறோம். பருவக்காற்றுகள் மாறிமாறி அரபிக்கடல் உப்பு நீரையும் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீரையும் இந்தத் தீவைச் சுற்றி ஓட்டுகின்றன. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் தென்கரையில் ஆழத்துக் குளிர்நீர் சத்தோடு மேலேறி வருகிறது. அதில் நுண்பாசி பெருகுகிறது. அதை நம்பி இறால். இறால் ஆழத்தில் அடுக்காக நிற்கும்போது அதை அடைய நேராகக் கீழே போக வேண்டும். இலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலங்கள் மற்ற இடங்களைவிட அடிக்கடி வாலைத் தூக்கி முங்குவதற்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள். தென்கரையின் மிரிச்சையில் திமிங்கிலம் பார்க்கப் படகுகளில் போகிறவர்கள் படமெடுக்கக் காத்திருக்கும் அந்த வால், சாப்பிடப் போகிற ஒரு விலங்கின் வால்.

இந்தத் திமிங்கிலங்களைச் சோவியத் கப்பல்கள் 1963க்கும் 1966க்கும் இடையில் அரபிக்கடற் பக்கத்தில் சுமார் 1,300 வரை கொன்றன. உண்மைக் கணக்கு பல்லாண்டு மறைக்கப்பட்டிருந்தது. 1979இல் இந்து சமுத்திரம் முழுவதும் திமிங்கில வேட்டைக்கு மூடப்பட்டது. ஈட்டி ஓய்ந்தது. ஆனால் பந்தி நடக்கும் இடம் தீவின் தென்கோடியான தெய்வேந்திரமுனைக்கு நேர் தெற்கே, உலகின் மிக நெரிசலான கப்பற்பாதைகளில் ஒன்றின் நடுவில் இருக்கிறது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்த ஒரு கொள்கலன் கப்பலின் முன்முனையில் செத்த நீலத் திமிங்கிலம் வளைந்து தொங்கியது. கப்பலில் இருந்தவர்களுக்கு மோதியதே தெரிந்திருக்காது.

திமிங்கிலத்தை வேறிடத்தில் சாப்பிடச் சொல்ல முடியாது. அதன் சாப்பாடு கண்டமேடையின் விளிம்பில் இருக்கிறது, அந்த விளிம்பு நகராது. கப்பல் நகரும். பாதையைத் தெற்கே 15 கடல் மைல் தள்ளினால் மோதும் ஆபத்து 95 வீதம் குறையும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். உலகின் பெரிய கொள்கலன் நிறுவனங்களில் ஒன்றான எம்.எஸ்.சி. 2022இன் நடுப்பகுதியிலிருந்து தன் கப்பல்களை அப்படித் தெற்கே விலகிப் போகச் சொல்லியிருக்கிறது. 15 கடல் மைல் என்பது ஏறத்தாழ 28 கிலோமீற்றர், கப்பலுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான ஓட்டம்.